ஹீலியத்தின் கிளர்நிலைகள்: கணக்கும் சிக்கலும்

ஹைட்ரஜன் அணுவுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாடு முழுமையான விடை தந்துவிடுகிறது. ஹீலியத்திலோ, ஒன்றையொன்று விலக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே அணுக்கருவைச் சூழ்ந்திருப்பதால், ஒன்றின் இயக்கத்தை மற்றதிலிருந்து பிரித்தெழுத இயலாமல், தோராய முறைகளையே நாட வேண்டியிருக்கிறது. அணு தன் மிகக் குறைந்த ஆற்றலில் இருப்பது அடிநிலை எனவும், எலக்ட்ரான் மேற்கூட்டுக்கு ஏறியிருப்பது கிளர்நிலை எனவும் வழங்கும்.

ஹீலியத்தின் நிறமாலைக் கோடுகள் ஒன்றோடொன்று கலவாத இரு தொகுதிகளாக அமைந்திருந்தமையால், அது இரண்டு வாயுக்களின் கலவையோ என்றுகூட 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐயுற்றனர். பாரா, ஆர்த்தோ எனப்பட்ட இத்தொகுதிகளின் புதிரை 1926இல் ஹைசன்பர்க் விடுவித்தார். எலக்ட்ரான்களுக்குத் தனி அடையாளம் இல்லை. எனவே அவற்றை இடம் மாற்றினால், அவை எங்கிருக்கக்கூடும் என்பதைக் கூறும் அலைச்சார்பு மாறாதிருக்க வேண்டும், அல்லது குறி மட்டும் மாற வேண்டும். முன்னது பாரா, பின்னது, தற்சுழற்சிகள் இணையாக அமையும் ஆர்த்தோ. இதனால் எழும் பரிமாற்ற ஆற்றல் பாரா நிலையை உயர்த்தி, ஆர்த்தோ நிலையைத் தாழ்த்துகிறது.

ஓர் எலக்ட்ரான் 1எஸ் எனும் உள் மண்டிலத்திலும் மற்றது 2எஸ் எனும் வெளி மண்டிலத்திலும் உள்ள நிலையில், விலக்கலைப் புறக்கணித்தால் மொத்த ஆற்றல் −68.0 எலக்ட்ரான் வோல்ட். சராசரி விலக்கலாகிய 11.4ஐக் கூட்டி, பரிமாற்ற ஆற்றலாகிய 1.2ஐ ஒருபுறம் கழித்து மறுபுறம் சேர்த்தால், ஆர்த்தோவுக்கு −57.8, பாராவுக்கு −55.4 கிடைக்கின்றன. சோதனை தரும் அளவுகள் −59.2, −58.4. வரிசை சரி, இடைவெளியோ மும்மடங்கு பெரிது. உள் எலக்ட்ரான் அணுக்கருவின் மின்னூட்டத்தில் ஏறத்தாழப் பாதியை மறைத்துவிடுவதால், வெளி எலக்ட்ரான் உண்மையில் தொலைவில் பரவியிருக்க, கணக்கோ இரண்டு அலகையும் அதற்கு முழுதாகக் காட்டி, அதை உள்ளே இழுத்துவிடுகிறது.

இதைத் திருத்த உதவும் மாறல் முறையில், எந்த அலைச்சார்பை எடுத்தாலும் கணித்த ஆற்றல் அடிநிலைக்குக் கீழே போகாது. அடிநிலைக்குத் துணையான இவ்விதியே கிளர்நிலைக்கு இடையூறு: ஆற்றலைக் குறைக்கக் குறைக்க, பாரா கிளர்நிலைக்கென எழுதிய சார்பு அடிநிலையை நோக்கிச் சரிந்துவிடும். ஆர்த்தோவுக்கு அந்த ஆபத்து இல்லை; தன் சமச்சீர் வகையில் அதுவே மிகக் கீழான படி. எலக்ட்ரான்களுக்கு இடையிலான தொலைவையே அலைச்சார்பில் 1929இல் நேரடியாகச் சேர்த்த ஹில்லராஸ், மறு ஆண்டு உன்ட்ஹைமுடன் இணைந்து, பல சார்புகளைக் கலந்து அமைத்த அணிக்கோவைச் சமன்பாட்டின் இரண்டாம் மூலம் முதல் பாரா கிளர்நிலைக்கு மேல்வரம்பாகும் எனக் காட்டி, அச்சரிவைத் தடுத்தார். 1959இல் பெக்கெரிஸ் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலிருந்த வைசாக் கணினியைக் கொண்டு ஆர்த்தோ நிலையை மிக நுட்பமாகக் கணித்த பின், சோதனையோடு ஒப்பிடுகையில் சார்பியல், குவாண்டம் மின்னியங்கியல் ஆகியவற்றின் நுண்ணிய திருத்தங்களும் கணக்கில் வந்து சேர்ந்தன.