கூர் ஏறாத மடக்குக் கத்தி

“எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏறலையே, வாத்தியாரே!” எதிர் லயத்துப் பெரியவர் மடக்குக் கத்தியை நீட்டினார். அவர் கட்டைவிரலில் துணிக்கட்டு. மாங்காய் நறுக்கும்போது வழுக்கிவிட்டதாம். மழுங்கிய கத்திதான் கையைப் பதம் பார்க்கும். அழுத்தி வெட்டுகிறோம் அல்லவா?

கத்தியின் விளிம்பில் மார்க்கர் பேனா மையைப் பூசி, சாணைக்கல்லில் நான்கு முறை இழுக்கச் சொன்னேன். மேற்புறத்து மை அழிந்தது. விளிம்பில் அப்படியே இருந்தது. கல் கூரைத் தொடவே இல்லை! முதுகைச் சற்றுத் தூக்கி, ஏறக்குறைய 20 பாகை சாய்வில் பிடித்தால் தொடும்.

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். விரலைக் கூர் நெடுக ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிநோக்கி வருடினால் தட்டுப்படும். விளிம்பு முழுவதும் அது எழும்பிய பிறகே பக்கம் மாற்றவேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். மறுபக்கமும் அப்படியே. கடைசியில் அழுத்தாமல் மாறிமாறி இழுத்து, பழைய தோல்வாரில் தேய்த்தால் பிசிறு போய்விடும். அது ஒட்டியிருந்தால் கூர் சீக்கிரமே மழுங்கும்.

விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தால் சங்கதி வேறு. மின்சாரச் சாணையில் சூடேறி எஃகின் பதம் போயிருக்கும். அந்தப் பகுதி தேய்ந்து தீரும்வரை கூர் நிற்காது.

பெரியவர் கத்தியில் நீலமில்லை. சற்று நேரத்தில் செய்தித்தாளைச் சரசரவென நறுக்கிக் காட்டினார். மடக்கும்போது, “விரல் பத்திரம், ஐயா!” என்றேன்.