மண்ணில் ரேடன்: ஒருநாள் அளவீடு எதையும் சொல்லாது

2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் நிலம் அதிர்ந்தது. சரிவுகளில் லயன் வீடுகளில் வாழும் மலையக மக்களுக்கு இத்தகைய செய்தி ஒவ்வொன்றும் அச்சம் தருவது. இதை முன்கூட்டியே அறிய வழியில்லையா? அதற்கு அடிக்கடி சொல்லப்படும் விடைகளில் ஒன்று ரேடன் வாயு.

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது ரேடன் பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. 3.8 நாட்களில் அதன் அளவு பாதியாகிவிடும். நிலம் நெரிபட்டு வெடிப்புகள் திறந்தால் கூடுதலான ரேடன் வெளியேறலாம் என்பதே இதன் அடிப்படை. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்திற்குச் சில நாட்கள் முன்னர், அப்பகுதி நிலத்தடி நீரில் ரேடன் உயர்ந்தது பதிவாகியுள்ளது.

ஆனால் பொல்பிட்டிய போன்ற ஓர் இடத்தில் இதை அளப்பதாக வைத்துக்கொள்வோம். மண்ணில் ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆழத்திற்குக் குழாய் இறக்கி, அங்குள்ள வாயுவைக் கருவியால் அளக்க வேண்டும். கடும் மழையில் மேல்மண் நனைந்து மூடிபோல் அடைத்துக்கொண்டால், கீழே ரேடன் தேங்கி அளவு உயரும். காற்றழுத்தம் குறைந்தால் மண்ணிலிருந்து வாயு கூடுதலாக வெளியேறும். நிலத்தடியில் எந்த மாற்றமும் இல்லாமலே அளவு ஏறி இறங்கும்.

எனவே, குறைந்தது ஓராண்டாவது, இரண்டு பருவமழைக் காலங்களையும் உள்ளடக்கித் தொடர்ந்து அளக்க வேண்டும். மழை, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றையும் அதே இடத்தில் பதிய வேண்டும். அந்த இடத்தின் வழமை தெரிந்தால்தான் வழமைக்கு மாறானது எது என்று தெரியும். அப்போதும் ரேடனை மட்டும் வைத்து நிலநடுக்கத்திற்கு நாள் குறிக்கும் முறை உலகில் எங்கும் இல்லை.

மலையகத்தில் உயிர்களைக் கூடுதலாகப் பறிப்பது நிலநடுக்கம் அல்ல, மண்சரிவுதான். அதன் அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிபவை: நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று கலங்கும் ஊற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. குடியேறப் பாதுகாப்பான காணிதான் கிடைக்கவில்லை.

கருவிகள் வரட்டும், ஆண்டுக்கணக்கில் அளக்கட்டும். ஆனால் எழுந்து போக ஓர் இடம் இல்லாதவருக்கு எந்த எச்சரிக்கையும் பயன்படாது.