கன்னக்கோல் இல்லாக் களவு

கதவை உடைத்தானில்லை, கன்னக்கோல் பிடித்தானில்லை, காவலன் கண்ணில் மண்ணைத் தூவினானுமில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு கவர்னரின் அஞ்சல் பேழையைத் திறந்துவிட்டான், இருபது வயது மாணவன்! எங்கே? அறிவியல் கோலோச்சும் அமெரிக்காவிலே!

2008ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள். அலாஸ்கா மாநிலக் கவர்னர் சாரா பாலின் அம்மையார், குடியரசுக் கட்சியின் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நாடெங்கும் வலம் வந்த நேரம். (அங்கே கவர்னர் மக்கள் வாக்கால் வருகிறவர், மேலிடம் அனுப்பி வருகிறவரல்லர் என்பதையும் இடையிலே சொல்லி வைப்போம்.) யாகூவில் இருந்த அவரது மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் உண்டு. மாணவன் அதைத் தேடவேயில்லை. 'மறந்துவிட்டேன்' என்றான். இயந்திரம் ஐயுறவில்லை, கேட்டது. பிறந்த நாள் எது? அஞ்சல் குறியீட்டு எண் எது? கணவரை எங்கே சந்தித்தீர்?

வேட்பாளரின் வாழ்க்கைதான் வீதிக்கு வந்துவிட்டதே! பிறந்த நாளைக் கலைக்களஞ்சியம் சொல்லிற்று. ஊரோ சின்னஞ்சிறு வசில்லா. அஞ்சல் எண்ணுக்கு அலையவேண்டியதில்லை. மூன்றாம் கேள்விக்குச் சிலமுறை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தான். 'வசில்லா உயர்நிலைப் பள்ளி' என்றதும் கதவு திறந்தது! முக்கால் மணி நேர வேலை என்று அவனே பிறகு எழுதினான். புதுக் கடவுச்சொல்லாக அவன் வைத்தது 'பாப்கார்ன்'. 2010இல் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை பெற்றான்.

அம்மையாருக்குப் போனது அந்தரங்கம். அன்றாடங் காய்ச்சிக்குப் போவதோ மாதச் சம்பளம்! பணப்பை திருடியவன், உள்ளே கிடக்கும் அடையாள அட்டையில் பிறந்த நாளைப் பார்த்து எண்களைப் போட்டால் எத்தனை வங்கி அட்டைகள் திறக்கும்? கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2012இல் கணக்கிட்டார்கள். 1234 போன்ற எண்களை வங்கி தடுக்காவிட்டால் 11 பைகளுக்கு ஒன்று. தடுத்தாலும் 18க்கு ஒன்று!

எளியவரைப் பழிக்கிறோமா? இல்லை. ஆசை மகளின் பெயர்தான் தந்தையின் நாவில் நிற்கும். அந்தப் பெயரைக் காதணி விழா அழைப்பிதழில் அச்சடித்து அவரே ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். குற்றம், கேள்வி கேட்கிறவர்களுடையது. 'தாயாரின் மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?' என்கிறார்கள். தலைப்பெழுத்தோடு வாழும் நம்மிடம் ஏதய்யா குடும்பப் பெயர்? தாத்தாவின் பெயரை எழுதி வைக்கிறோம். தாய்மாமனின் திருமணப் பத்திரிகையைப் படித்தவனுக்கெல்லாம் தெரிந்த இரகசியம் அது!

அவர்கள் கேள்வியை மாற்றும்வரை நாம் பதிலை மாற்றுவோம். பிறந்த ஊர் எது என்றால் 'புளியோதரை' என்று எழுதுங்கள். பொய் சொல்லலாமா என்பீர். இயந்திரத்திடம் சொல்லலாம், அது மனம் நோகாது. மறந்துபோகும் என்றால் தாளில் எழுதி வீட்டு அலமாரியில் பூட்டி வையுங்கள். பணப்பையில் மட்டும் வேண்டாம்.