வாக்கி டாக்கியும் வெடிக்குழியும்

அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெடி நேரம் நெருங்கினால் சிவப்புக் கொடி ஏறும், சைரன் ஊதும், பொக்லைனும் டிப்பரும் தள்ளிப் போய் நிற்கும். நாலாபுறமும் காவலுக்கு நிற்பவர்கள் கையில் வாக்கி டாக்கி. "வடக்கே ஆள் இல்லை", "ரோடு கிளியர்" என்று ஒவ்வொருவரும் சொன்ன பிறகுதான் வெடி. ஆனால் அதே வாக்கி டாக்கியை, மருந்து நிரப்பும் குழிக்குப் பக்கத்தில் ஆன் செய்து வைத்திருக்கக் கூடாது என்பதும் வெடி வேலையின் பழைய விதி. உயிர் காக்கவென்று கொடுத்த கருவிக்கு அங்கே மட்டும் ஏன் தடை?

காதில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வாக்கி டாக்கி சாது. பக்கவாட்டுப் பட்டனை அழுத்திய நொடியில் அது ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். தொழிற்சாலைகளில் புழங்கும் செட்டுகள் பெரும்பாலும் 5 வாட் வரை அலையை வெளியே தள்ளும். 5 வாட் என்பது ஒரு சின்ன எல்இடி பல்புக்கான தீனிதான். ஆனால் அந்த அலை, அருகில் இருக்கும் எந்த உலோகக் கம்பியிலும் மின்னோட்டத்தைத் தூண்டும். ஆன்டெனா என்பதே அலையைப் பிடிக்கும் கம்பிதானே.

வெடிக்குழிக்குள் இறக்கிவந்த மின் வெடிப்பிக்கு (ஆட்கள் வாயில் அது 'கேப்') இரண்டு நீளக் கம்பிகள் உண்டு. உள்ளே தலைமுடி போன்ற ஓர் இழை. மின்சாரம் பாய்ந்தால் பல்பு இழை போலச் சூடேறி மருந்தைப் பற்றவைக்கும். அதற்கு ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே போதும். 150 மெகாஹெர்ட்ஸில் பேசும் செட்டின் அலைநீளம் 2 மீட்டர். அதில் பாதி, அதாவது 1 மீட்டர் அளவில் கம்பி விரிந்து கிடந்தால் அலையை நன்றாக வாங்கிக்கொள்ளும். கம்பி முனைகளைச் சேர்த்து முறுக்கிவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. முறுக்குவது நல்லதுதான், ஆனால் முறுக்கிய கம்பி ஒரு வளையமாகிறது, வளையமும் ஆன்டெனாதான். தரையோடு தரையாக, இரண்டு கம்பியும் ஒட்டிக் கிடப்பது மேல். எல்லாவற்றையும்விட மேல், தூரம். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு கால் பங்காகும், பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. ஜீப்பில் பொருத்திய செட்டுக்குச் சக்தி அதிகம் என்பதால் அது இன்னும் தள்ளியே நிற்க வேண்டும்.

பேசாமல் இருந்தால் போதாதா, எதற்கு அணைக்க வேண்டும்? சில டிஜிட்டல் செட்டுகள், நாம் பட்டனைத் தொடாமலே தம் இருப்பை அறிவிக்க அலை அனுப்பும். செல்போன் எப்போதுமே அப்படித்தான். ஆகவே குமிழைத் திருகி அணைப்பதுதான் அணைப்பது.

2025 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் மின் வெடிப்பிகளைத் தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் தடை வந்துவிட்டது. அவற்றின் இடத்தில் இரண்டு வகை. ஒன்று, உட்சுவரில் வெடித்தூள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதற்குள் அதிர்வலை நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிப்போய் வெடிப்பியைத் தட்டும். கம்பியே இல்லாததால் ரேடியோ அலைக்கு அதில் பிடி கிடையாது. இன்னொன்று, சிப் வைத்த எலெக்ட்ரானிக் வெடிப்பி. தனக்கான குறியீடு வந்தால்தான் வெடிக்கும். ஆனாலும் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை விட்டே நிற்க வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்னக் கல்குவாரியாக இருந்தாலும், மருந்து நிரப்பும் இடத்தில் செட்டை அணைக்கும் வழக்கத்தைக் கைவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.

சுண்ணாம்புக்கல் போய்ச் சேரும் சிமெண்ட் ஆலைக்குள் வந்தால் கவலை வேறு. நிலக்கரி அரைக்கும் இடத்தில் பறக்கும் தூள் ஒரு பொறிக்குத் தீப்பிடிக்கும். அங்கே பொறி பறக்காதபடி சான்று பெற்ற செட்டுதான் போக வேண்டும், அங்கே நின்று பேட்டரி மாற்றவும் கூடாது. கழற்றிய பேட்டரியைச் சாவிக்கொத்தோடு பையில் போட்டால், முனைகள் ஷார்ட் ஆகிச் சூடேறும். ஆன்டெனாவின் உறை கிழிந்திருந்தால் பேசும்போது அதைத் தொடாதீர்கள், தோல் சுடும். ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்குபவர்களைப் பார்த்தால், காதைப் பிடித்து முயலைத் தூக்குவதுதான் நினைவுக்கு வரும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் செட்டை வாங்கலாமா? 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயங்கும் செட்டுக்கு உரிமம் வேண்டாம். அதற்கு வெளியே போனால் உரிமம் வேண்டும். மலிவுச் செட்டுகள் பலவற்றைப் போலீஸ் அலைவரிசைக்குக்கூடத் திருப்ப முடியும், சிக்கல் அங்கேதான்.

ஆனால் பெரிய ஆபத்து அலையில் இல்லை, பேச்சில் இருக்கிறது என்பேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்து, இன்று சுண்ணாம்புக்கல்லுக்காகப் படிப்படியாக வெட்டிய பள்ளம் அரியலூர்ச் சுரங்கம். வாக்கி டாக்கியின் அலை நேர்கோட்டில் போவது, பாறைப் படி குறுக்கே நின்றால் பாதி வாக்கியம்தான் போய்ச் சேரும். இருவர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் வலுவான அலை மற்றதை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டவருக்கோ, தான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்பதே தெரியாது. அதனால்தான் கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசு என்பார்கள். அவசரக்காரர் அழுத்தும்போதே பேசுவார், முதல் எழுத்து போய்விடும். 'நூறு மீட்டர்' அங்கே 'ஆறு மீட்டர்' ஆகலாம். 'ஒன்று, சுழியம், சுழியம்' என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் பிழைக்கலாம். கடைசியில் விரலைச் சீக்கிரம் எடுப்பது அதைவிட மோசம். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. 'இப்போ வெடிக்க வேண்டாம்' என்பதில் கடைசிச் சொல் அறுந்தால் மிஞ்சுவது என்ன? 'அங்கே போகலாம்', 'அங்கே போகக் கூடாது' இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். ஆகவே தடுக்க வேண்டியிருந்தால் வாலை நம்பாமல் தலையிலேயே சொல்லிவிட வேண்டும்: "நிறுத்து, நிறுத்து, நிறுத்து." முதலாவது பட்டனில் போகும், மூன்றாவது விரலோடு போகும், நடுவில் இருப்பது முழுசாகப் போய்ச் சேரும்.