டேங்கை எடுத்தாயிற்று, குழியை மூடலாமா?

தரைக்கடியில் இருந்த டீசல் டேங்கைத் தோண்டி எடுத்த அன்றே ஜேசிபியை வைத்துக் குழியை மூடிவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். குழி திறந்து கிடந்தால் ஆபத்து. வண்டி வாடகையும் ஏறும். ஆனால் எண்ணெய் கசிந்ததா, எதுவரை போயிருக்கிறது என்பதைக் குறைந்த செலவில் கண்டுபிடிக்கச் சரியான நேரம் அதுதான். மூடிவிட்டால், அதே கேள்விக்கு விடை தேடத் துளை போடும் இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

முதலில் டேங்கையே பாருங்கள். காயலாங்கடைக்கு அனுப்பும் முன் மண்ணைச் சுரண்டிவிட்டு அடிப்பகுதியைப் படமெடுத்து வையுங்கள். எண்ணெய் அளக்கும் கோல் இறங்கி இறங்கி இடித்த இடத்தில் தகடு தேய்ந்து ஓட்டை விழுவது உண்டு. டேங்க் நன்றாக இருந்தாலும் குழாய் இணைப்புகள் கசிந்திருக்கலாம். வாயு இல்லை என்று சான்று வாங்காமல் டேங்கை வெட்டவோ உள்ளே இறங்கவோ யாரையும் விடாதீர்கள். காலி டேங்கில் தங்கிய ஆவிதான் வெடிக்கும்.

மண் மாதிரியைக் குவித்துப் போட்ட மண்ணிலிருந்து எடுத்தால் பயனில்லை. டேங்கின் இரு முனைகளுக்கும் நேர் கீழே, தோண்டாத இயற்கை மண்ணில் எடுக்க வேண்டும். குழியின் பக்கச் சுவர்கள், குழாய் போன பாதை, எண்ணெய் நிரப்பிய வாய் ஆகிய இடங்களிலும் எடுக்க வேண்டும். கறுத்த மண்ணும் வாடை வீசும் மண்ணும் கட்டாயம் சேர வேண்டும். கண்ணாடி ஜாடியில் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி, உடனே மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வைத்தால் பென்சீன் ஆவியாகிப் போய்விடும். அறிக்கை சுத்தமாக வரும், மண் சுத்தமாக இருக்காது.

மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். டீசல் என்றால் நாப்தலீனையும் சேருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல்தான் இந்தியாவில் நின்றது. அதற்கு முந்தைய பெட்ரோல் டேங்க் என்றால் ஈயத்தையும் பார்க்க வேண்டும்.

இனி ஓசூர் போன்ற பாறைப் பகுதிகளுக்கே உரிய சிக்கல். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் பாரத் பெட்ரோலியம் குழாய் கசிந்து வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே இருப்பது கடலோரப் படிவு மண். ஆனால் ஓசூர்ப் பக்கம் ஜூஜூவாடி, பேகேபள்ளி முதல் கிருஷ்ணகிரி வரை அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே செம்மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள். நிலத்தடி நீர் அந்த வெடிப்புகளில்தான் ஓடுகிறது. எண்ணெயும் வெடிப்பைப் பிடித்தால் குழிச் சுவரில் அதிகம் தங்காமல் இறங்கிவிடும். அதனால் இங்கே மண் அறிக்கை மட்டும் நன்றாக வந்தால் போதாது. உங்கள் போர், பக்கத்துப் பூந்தோட்டத்தின் கிணறு, நிலச் சாய்வில் கீழே இருக்கும் வீடுகளின் போர் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர்மட்டம் ஏறியபின் இன்னொரு முறை.

இவ்வளவு கவலை எதற்கு? குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நம் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட 1 லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும். பென்சீன் இரத்தப் புற்றுநோய் தரும் பொருள். டீசலில் அது குறைவு. ஆனால் டீசல் மண்ணில் நெடுங்காலம் தங்கும்.

மாசு உறுதியானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஓசூர் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணெய் ஊறிய மண்ணையும் டேங்கின் அடிக்கசடையும் அபாயக் கழிவாகவே கையாள வேண்டும். கர்நாடக எல்லை பக்கத்தில் இருக்கிறது என்று லாரியில் ஏற்றி அத்திப்பள்ளிப் பக்கம் கொட்டிவிடுவது குற்றம். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி இறுதி அகற்றலுக்கு வேறு மாநிலம் கொண்டுபோக இரு மாநில வாரியங்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும். மாசடைந்த இடங்களுக்கென்றே 2025இல் தனி விதிகள் வந்துவிட்டன. சீரமைப்புச் செலவு மாசு செய்தவர் தலையில்தான்.

பழைய ஆலை மனையை வாங்கப் போகிறவர்களே, டேங்க் எங்கே இருந்தது, மண் அறிக்கை எங்கே என்று கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால், முன்பணம் கொடுக்கும் முன் அங்குள்ள போர் தண்ணீரையாவது சோதித்துவிடுங்கள்.