ஒளியால் இறுகும் மை

சிவகாசியில் அச்சாகிவரும் அட்டைப் பெட்டிகள் சில கண்ணாடிபோல் பளபளப்பதை அங்கத்தினர்கள் கண்டிருக்கலாம். அவற்றின் மேற்பூச்சு காற்றிலோ வெயிலிலோ காய்ந்ததன்று. விளக்கொளியால் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் இறுகியது. நமது நெசவுத் துணிகளையும் கடலை மிட்டாயையும் இத்தகைய பெட்டிகளில் அடைத்து விற்க விரும்பும் சங்கங்கள் இதன் விவரத்தை அறிந்துகொள்ளுதல் நலம்.

காய்தல் என்பது கடம்பூர்க் கரிசல் சீமையில் யாவர்க்கும் தெரிந்ததே. களத்தில் பரப்பிய மிளகாயிலிருந்து நீர் வெளியேறுகிறது. கஞ்சியூட்டிய பாவிலிருந்தும் அவ்வாறே. புற ஊதாக் கதிரால் இறுகும் மையிலிருந்தோ ஏறக்குறைய ஒன்றும் வெளியேறுவதில்லை. திரவமாக இட்டது அவ்வளவும் திடப்பொருளாக மாறிவிடுகிறது.

1801-ல் ரிட்டர் என்னும் ஜெர்மானியர், ஊதா நிறத்திற்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் உண்டெனக் கண்டார். அவற்றின் அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் குறைவு. நானோமீட்டராவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. மையினுள் சிறு துண்டு நூல்களைப் போன்ற மூலக்கூறுகள் தனித்தனியே கிடக்கின்றன. உடன் கலந்துள்ள ஒளித்தூண்டி என்னும் சரக்கு, கதிர் பட்டவுடன் சிதைந்து, அத்துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சிடத் தொடங்குகிறது. முடிச்சுகள் பெருகி வலைபோலாகின்றன. வலையானபின் மை ஓடாது, ஒட்டாது.

துணியில் சங்கத்தின் பெயரைத் திரையச்சால் பதிப்பவர்களுக்கு இது புதிதன்று. திரையில் பசை தடவி, எழுத்துள்ள படச்சுருளை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டுகிறார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். எழுத்தின் நிழல் விழுந்த இடம் நீரில் கரைந்தோடும். இதற்குச் சில நிமிஷ வெயில் போதும். விரைந்தோடும் அச்சு இயந்திரத்திற்கு அது போதாது. ஆகையால் பாதரச ஆவி விளக்குகளை அமைத்தனர். இப்போது 365, 385, 395 நானோமீட்டர் ஒளி தரும் எல்.இ.டி. விளக்குகளும் வந்துள்ளன.

இனி, நாம் முக்கியமாகக் கருதும் விஷயத்திற்கு வருவோம். பாதரச விளக்கு பழையதானால், பார்வைக்குப் பிரகாசமாகவே எரியும். ஆயினும் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும். கறுப்பு மையோ கதிரை மேலேயே தடுத்துக்கொள்ளும். அப்போது மேல்தோல் இறுகி அடிப்பகுதி பச்சையாகவே நிற்கும். தொட்டால் தெரியாது. அச்சிட்ட தாள்களை அடுக்கும்போது, ஒன்றின் முகத்திலுள்ள இறுகாத சரக்கு அடுத்த தாளின் முதுகில் ஏறும். அந்த முதுகே பெட்டியின் உட்புறமாகிறது.

2005 நவம்பரில் இத்தாலி தேசத்தில், குழந்தைகளுக்கான பாலில் ஐ.டி.எக்ஸ். என்னும் ஒளித்தூண்டி கலந்திருந்ததால் அப்பால் பெருமளவில் பறிமுதல் செய்யப்பட்டது. பெட்டியின் வெளிப்புற மையிலிருந்தே அது வந்திருந்தது. கண்ட அளவில் உடல்நலத்திற்குக் கவலை இல்லையென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூறியது மெய்யே. எனினும் அது உணவில் இருக்கத்தகாதது என்றும் கூறிற்று. விற்ற சரக்கைத் திரும்ப எடுக்கும் நஷ்டத்தைப் பெரிய கம்பெனி தாங்கும்; நமது சங்கம் தாங்குமா?

கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அதில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே அச்சிட்ட அட்டைக்கும் மிட்டாய்க்கும் நடுவே தனி உறை அவசியம். அதுவும் எவ்வுறையாயினும் போதும் என்பதன்று. மெல்லிய பாலிதீனை இச்சரக்குகளிற் சில ஊடுருவும். உணவுப் பொட்டலத்திற்குரிய இந்திய மைத்தரம் ஐ.எஸ். 15495 ஆகும், ஆர்டர் கொடுக்கும்போதே அதை எழுத்து மூலம் கேட்க வேண்டும். வந்த அட்டையில் ஒட்டுநாடாவை அழுத்தி வெடுக்கென்று உரித்தும், கட்டைவிரலால் அழுத்தித் திருகியும் பார்க்கலாம். மை பெயர்ந்தால் திருப்பி அனுப்புக. பெயராவிட்டால் மட்டும் உணவுக்கு உகந்ததென்று கொள்ள வேண்டாம். அதற்கு ஆய்வுக்கூடச் சான்றே வேண்டும்.

துணிப்பெட்டிக்கு இத்தனை கண்டிப்பு வேண்டியதில்லை. வெள்ளை வேஷ்டியில் கறை ஏறாதிருந்தால் போதும்.

அச்சகத்திற்குப் போகும் அங்கத்தினர்கள் விளக்கின் மூடியைத் திறந்து நோக்கலாகாது. கண் எரிச்சல் சில மணி நேரம் சென்றே தோன்றும். இறுகாத மையை வெறுங்கையால் தொடுவோருக்குத் தோல் தடிப்பும் உண்டாகும்.