ஒற்றைத் தலைவலி மூளையைக் கெடுத்துவிடுமா?

ஒற்றைத் தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் சிலரது அறிக்கையில், 'மூளையில் வெள்ளைப் புள்ளிகள் உள்ளன' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்ததும் குடும்பமே கலங்கிவிடுகிறது. பக்கவாதம் வருமா, ஞாபகம் போய்விடுமா என்ற பயம் தலைவலியைவிடப் பெரிய வலியாகிவிடுகிறது. இந்தப் பயம் தேவைதானா என்று பார்ப்போம்.

ஒற்றைத் தலைவலி வெறும் தலைவலி அல்ல. அது மூளையையும் நரம்புகளையும் சார்ந்த நோய். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன்னே மின்னல் கோடுகள் தோன்றும். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் ஒருவித மின் அலையே இதற்குக் காரணம். இத்தகைய அலையைப் பிரேசில் நாட்டு அறிஞர் லியாவோ 1944-ல் முயலின் மூளையில் கண்டறிந்தார்.

மூளையின் அமைப்பில் மாற்றம் உண்டா? உண்டு. நெதர்லாந்தில் 295 நோயாளிகளையும் நோயில்லாத 140 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளியானது. நோயுள்ள பெண்களின் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் அதிகம் காணப்பட்டன. மின்னல் கோடுகள் தோன்றுபவர்களின் சிறுமூளையில், ரத்த ஓட்டம் தடைபட்டதற்கான சிறு தழும்புகளும் கூடுதலாக இருந்தன. 2007-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வலியை உணரும் மூளைப் பகுதி இந்நோயாளிகளுக்குச் சற்றுத் தடித்திருப்பதைக் காட்டியது.

இதோடு நிறுத்திவிட்டால் பயம்தான் மிஞ்சும். நெதர்லாந்து ஆய்வில் பங்கேற்றவர்களில் பலரைச் சுமார் 9 ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தார்கள். அதன் முடிவு 2012-ல் வெளியானது. நோயுள்ள பெண்களில் 77 விழுக்காட்டினருக்கும் நோயில்லாத பெண்களில் 60 விழுக்காட்டினருக்கும் புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால், புள்ளிகள் கூடியதால் ஞாபகமோ சிந்திக்கும் திறனோ குறைந்ததாகத் தெரியவில்லை. நோயில்லாதவர்களுக்கும் இவை வருகின்றன என்பதைக் கவனியுங்கள். வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவையும் இவற்றை உண்டாக்கும்.

அப்படியானால் எதில் கவனம் வேண்டும்? மின்னல் கோடுகளுடன் தலைவலி வருபவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சற்று அதிகம். புகைபிடித்தால் அது மேலும் கூடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். ஆகவே, இத்தகைய தலைவலியுள்ள பெண்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பனடால் போன்ற வலி மாத்திரைகள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். அடிக்கடி வலி வருபவர்களுக்குத் தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. இந்நோய்க்கென்றே உருவாக்கப்பட்ட தடுப்பு ஊசிகளும் 2018 முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

திடீரென்று வாழ்நாளில் இல்லாத கடும் வலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள ஒரு வரி உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில்லை. புள்ளிகளை எண்ணிக் கவலைப்படுவதைவிட, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, புகையை விட்டு, முறையான சிகிச்சை பெறுவதே அறிவுடைமை.